வாரம் ஒரு பொய்

யென் ருன்ஷெங்குக்கு ஊரில் பேர் வந்தது நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரைக்கும் நாலாம் நம்பர் சுரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற ஒரு ஆள், அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் என்றால் பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும். பாட்டு வாத்தியார் என்றால் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். இயற்பியல் வாத்தியாரை யார் சீந்துவார்கள்? குளிர்காலத்தில் வகுப்பறை அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற மனுஷன் என்பதுதான் பிள்ளைகள் அவரைப் பற்றி நினைவில் வைத்திருந்த சங்கதி.

அவரும் சுரங்கத்துக் குடும்பம்தான். அப்பனுக்கு உள்ளே கூரைக்கு மர முட்டுக் கொடுக்கிற வேலை. ருன்ஷெங் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்த வருஷம், உள்ளே சுரங்கவாயு பற்றிக்கொண்டு அப்பனோடு சேர்த்து ஒரு ஷிப்டே போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாயு என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. பெண்சாதி லியென்ஹுவா சுரங்க வாசலில் விளக்கறையில் வேலை பார்த்தாள். இறங்குகிறவனுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுப்பது, ஏறி வந்தவனிடம் வாங்கிக் கொக்கியில் மாட்டுவது. ஷிப்டு முடிந்தும் கொக்கி காலியாக இருந்தால் அந்த ஆள் மேலே வரவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற வேலை அது.

இனி கதைக்கு வருவோம். ஒரு மார்கழிக் குளிரில், எடை வேறு நிறை வேறு என்று யென் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. பையன்களுக்குத் தெரியும், பதினெட்டு வயதானால் அப்பனின் கொக்கியில் தன் விளக்கு தொங்கும், அதற்கு எடையும் வேண்டாம் நிறையும் வேண்டாம் என்று. சலிப்பில் யென் புத்தகத்தை மூடி மேஜையில் போட்டார்.

"சரி, நிலாவுல கரி இருக்குன்னு வச்சுக்குங்க. உங்கப்பன் அங்க ஷிப்டுக்குப் போறான். என்னென்ன ஆகும்?"

தூங்கினவன் எழுந்துவிட்டான். யென்னுக்கே எங்கிருந்து வந்ததோ தெரியாது, தியெஷான் என்று ஒரு சுரங்கத் தொழிலாளியை உண்டாக்கினார். அவனை நிலாவுக்கு அனுப்பி, கையில் குந்தாலியைக் கொடுத்து, மணி அடிக்கிறவரை கதை விட்டார். மணி அடித்தபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, நிலாவில் கரி இருக்க முடியாது, கரி என்பது செத்த காடு, நிலாவில் காடு எங்கே இருந்தது என்று கேட்டாள். வகுப்பே அவளைத் திட்டியது, கதையைக் கெடுத்துவிட்டாள் என்று. யென் மட்டும் அப்படியே நின்றார். பத்து வருஷத்தில் ஒரு பிள்ளை, தானாக யோசித்து, அவர் சொன்னதை மறுத்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்த வழக்கம். வாரத்துக்கு ஒரு கதை, கதைக்குள் ஒரே ஒரு பொய். மற்றதெல்லாம் கற்பனையாக இருக்கலாம், ஆனால் இயற்கை விதிக்கு உட்பட்டிருக்கும். அந்தப் பொய் மட்டும் விதியை மீறியது. பிள்ளைகள் ஒரு வாரத்துக்குள் அதைக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடித்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த வாரக் கதை அந்தப் பொய்யை உடைத்துக்கொண்டுதான் தொடங்கும். நிலாக் கரி இரும்புத் தாதுவாக மாறியது இப்படித்தான்.

கரியைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் ஃபெங்யிங்கின் மகள். ஃபெங்யிங் சுரங்கத்தின் ஒலிபரப்பு அறையில் செய்தி வாசிக்கிறவள். குடியிருப்பு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, வீட்டுக்குள்ளும் சுவரில் ஒரு பெட்டி. காலையில் எழுப்புவதும் அதுதான், ஷிப்டு நேரம் சொல்வதும் அதுதான். மகள் வீட்டில் வந்து சொன்ன கதை பிடித்துப்போய், சனிக்கிழமை ராச்சோற்று நேரத்தில் இதை வாசிக்கலாமே என்று ஃபெங்யிங் கேட்டாள். பிரசாரப் பிரிவுத் தலைவர் ஹானும் சம்மதித்தார். அறிவியலைப் பரப்புங்கள் என்று மேலிடமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஹான் ஒரே ஒரு வரியை வெட்டினார். கதையின் முடிவில் யென் எழுதியிருந்தார், 'இதில் ஒரு பொய் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்று.

"சுரங்கத்து ஒலிபெருக்கியில பொய் இருக்குன்னு நாமளே சொல்றதா?" என்றார் ஹான். "அப்புறம் உற்பத்திக் கணக்கு வாசிச்சா சிரிப்பானுங்க வாத்தியாரே."

யென் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் கதையே அதை உடைத்துவிடப் போகிறது, போகட்டும் என்றுதான் நினைத்தார். அவர் தலையாட்டியது அவ்வளவு லேசாக நடந்தது.

சனிக்கிழமை வந்தால் நூடுல்ஸ் கிண்ணத்தில் காடியை ஊற்றிக்கொண்டு ஊரே சுவர்ப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்தது. ஒரு வாரம் நிலாச் சுரங்கத்தில் கூரைப் பாறை ஒன்று பெயர்ந்து தியெஷானின் காலில் விழுந்தது. எடை ஆறில் ஒரு பங்குதானே, வலிக்கவில்லை என்று எழுந்து நடந்துவிட்டான். அந்த வாரம் முழுக்கத் தொழிலாளர் குளியலறையில் இதே பேச்சு. கறுப்புத் தண்ணீரில் கழுத்துவரை ஊறிக்கொண்டு, அம்மணமாக, எடைக்காகச் சண்டை போட்டார்கள். மெதுவாக விழுந்தாலும் பாறை பாறைதானே என்றான் ஒருவன். நீ நிலாவுக்குப் போயிருக்கிறாயா என்றான் இன்னொருவன். மறுவாரம் தியெஷான் காலை விந்திக்கொண்டு வந்தான். எடை குறைந்தாலும் நிறை குறையாது, ஓடி வருகிற பாறையை நிறுத்துகிற பாடு எங்கேயும் ஒன்றுதான் என்று நிலாவின் வைத்தியர் திட்டிக்கொண்டே கட்டுப்போட்டார். ஜெயித்தவன் தோற்றவன் முதுகைத் தேய்த்துவிட்டதாகக் கேள்வி. பள்ளிக்கூடத்தில் எடைப் பாடத்தில் அந்த வருஷம் ஒருவனும் தோற்கவில்லை.

தெருவில் போனால் யென்னை இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. "தியெஷானுக்குக் கல்யாணம் எப்போ வாத்தியாரே?" என்று கரி ஏற்றும் ரயில் வண்டியின் மேலிருந்து கத்துவார்கள். ருன்ஷெங்குக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதவன் யார்.

எண்பத்து மூன்றாம் வருஷ இலையுதிர் காலம் வந்தது. அந்த வட்டாரத்தில் அந்தப் பருவத்தில் கோஸ் தவிர வேறு பேச்சே இருக்காது. லாரி லாரியாகக் கோஸ் வந்து இறங்கும். வீட்டுக்கு வீடு மலைபோல் குவித்து, வாட விட்டு, முற்றத்தில் ஆள் ஆழத்துக்கும் மேலே குழி வெட்டி உள்ளே அடுக்குவார்கள். மேலே சோளத்தட்டை, மண், ஒரு ஆள் நுழைகிற வாய், அதற்கு ஒரு மூடி. வசந்தம் வரைக்கும் பச்சை என்று கண்ணில் படுவது அந்தக் கோஸ்தான். இடையிடையே உள்ளே இறங்கிப் புரட்டிப் போட்டு, அழுகினதை எடுக்கவேண்டும். அங்கேதான் ஆபத்து. மூடின குழிக்குள் கோஸும் மூச்சு விடுகிறது. காற்றில் உள்ள பிராணவாயுவை அது இழுத்துக்கொண்டு கரியமிலவாயுவை விடுகிறது. அது கனமான வாயு, குழியின் அடியில் போய்த் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். வயல்காட்டு ஆட்கள் கயிற்றில் மெழுகுவத்தியைக் கட்டி முதலில் இறக்குவார்கள். அணைந்தால் இறங்கமாட்டார்கள்.

சுரங்கத்து ஆட்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. நாலு மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதோடு, கெட்ட காற்று இருக்கிற இடத்துக்குள் நெருப்பைக் கொண்டுபோவதா? அதைச் செய்தவனை அங்கே அடித்தே கொன்றுவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த வாயு ஒன்றுதான். அது லேசானது, கூரையில் போய் நிற்கும், பொறி பட்டால் வெடிக்கும். குனிந்து போ, நெருப்பை மறந்து போ. பால் குடிக்கிற வயசிலேயே ஊட்டப்பட்ட பாடம்.

யென் இதைத்தான் குறிவைத்தார். வருஷா வருஷம் எங்கேயாவது ஒரு குழியில் ஒருவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மூடிகளைத் திறந்து கோஸ் புரட்டும் காலம் தொடங்குவதற்குள் இதைக் கதையாக்கிவிட வேண்டும் என்று நினைத்தார். அந்தச் சனிக்கிழமை, நிலாக் குடியிருப்பின் கோஸ் குழிக்குள் தியெஷான் இறங்கினான். நெஞ்சு அடைத்தது, கண் இருட்டியது. உடனே அப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது, கெட்ட காற்று மேலேதான் போகும் என்று. தரையோடு தரையாகப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, மெல்ல மூச்சு விட்டான். தெளிந்தது. ஊர்ந்து வந்து ஏணியைப் பிடித்தான். கதை முடிந்தது. அதுதான் அந்த வாரப் பொய்.

வகுப்பில் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கரியைக் கேட்ட பெண்கூடக் கையைத் தூக்கவில்லை. நல்ல பொய், எலும்புவரை போய் ஒட்டுகிற பொய் என்று யென்னுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அடுத்த வாரக் கதையை எழுதி ஃபெங்யிங்கிடம் கொடுத்தும்விட்டார். அதில் தியெஷான் பிழைத்தது கனவு என்றும், நிஜத்தில் கூட்டாளிகள் அவனை மூச்சில்லாமல் தூக்கிவந்து பெரும்பாடு பட்டுப் பிழைக்க வைத்தார்கள் என்றும் இருந்தது.

அந்தக் கதை ஒலிபெருக்கி ஏறவில்லை. தலைநகரத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. மன மாசை ஒழிக்கவேண்டும் என்று எல்லாப் பத்திரிகையிலும் ஒரே முழக்கம். ஆண்களின் நீள முடி, பெல்பாட்டம் கால்சட்டை, காதல் பாட்டு என்று தொடங்கி, அறிவியல் புனைகதை வரைக்கும் வந்துவிட்டது. அறிவியலின் பேரைச் சொல்லிக்கொண்டு அறிவியலுக்கு விரோதமான நஞ்சைப் பரப்புகிறார்கள் என்று எழுதினார்கள்.

ஹான் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனுஷன் இல்லை ஹான். கதவைச் சாத்திவிட்டு, தன் கோப்பையிலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நிகழ்ச்சியை நாமாகவே நிறுத்திவிட்டோம் என்று மேலே எழுதிவிட்டதாகவும், யார் பேரும் அதில் இல்லை என்றும், இனி நிலாவைப் பற்றி மூச்சு விடவேண்டாம் என்றும் சொன்னார். யென் இன்னும் ஒரு சனிக்கிழமை கேட்டார். ஏன் என்பதையும் சொன்னார்.

ஹானின் முகம் மாறியது. "அப்போ தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னீங்க."

"அது பாடம் நடத்துற முறை. உங்ககிட்டச் சொல்லித்தானே..."

"எங்கிட்ட இப்போ ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல." ஹான் குரலைத் தணித்தார். "வாத்தியாரே, திருத்தம் வாசிச்சா போன வாரம் வாசிச்சது தப்புன்னு ஆகும். தெரிஞ்சே வாசிச்சதுன்னு ஆகும். இந்தக் காத்துல அது எங்க கொண்டுபோய் விடும்னு நான் சொல்லணுமா? பேசாம வீட்டுக்குப் போங்க."

சும்மா ஒரு பாதுகாப்பு அறிவிப்பாவது வாசிக்கலாமே என்று யென் கெஞ்சினார். அதை ஹான் செய்தார். 'குழியில் இறங்குவோர் கவனமாக இருக்கவும்' என்று ஒரு வரி, உற்பத்திக் கணக்குக்கும் தபால் அறிவிப்புக்கும் நடுவில் போனது. எதற்குக் கவனம், என்ன கவனம் என்று இல்லை. கதை வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்கள் அறிவிப்பு வந்ததும் நூடுல்ஸை உறிஞ்சத் தொடங்கிவிட்டார்கள்.

யென் வகுப்பில் சொன்னார், கதையில் வந்தது பொய், படுத்தால் சாவு என்று. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். மறுநாள் அவர்கள் கொண்டுவந்த பதில் அவர் நினைத்தே பார்க்காதது. காற்று மாறிவிட்டது, வாத்தியார் பயந்துபோய்த் தான் சொன்னது எல்லாமே பொய் என்கிறார், நாளைக்கு நிலாவே இல்லை என்பார் என்று அப்பன்மார்கள் சிரித்தார்களாம். அந்த ஊர் அதற்குமுன் எத்தனையோ பேர் நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொல்வதைப் பார்த்த ஊர். உண்மையான திருத்தம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் ஒரு விடுமுறை நாள், மெழுகுவத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வீடுகளுக்குப் போனார். சிலர் சிரித்தார்கள். சிலர் தேநீர் கொடுத்து, தியெஷானுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். குழி வாயில் நெருப்பைக் காட்ட மட்டும் ஒருவரும் விடவில்லை. வெடிவைப்பு வேலையில் கிழடு தட்டிய ஒருவர், அவர் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டார்.

"உங்கப்பன் எப்படிச் செத்தான்னு மறந்துபோச்சா உனக்கு? எங்க கூட்டாளிடா அவன். நெருப்பைத் தூக்கிட்டு வந்துட்டான் வாத்தி."

யென் தீப்பெட்டியைப் பொறுக்கிக்கொண்டார். இன்னும் கடைசி வரிசை பாக்கி இருந்தது, ஸிச்சுவான் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிற வரிசை. அவர்கள் ஊரில் குளிரே கிடையாது, கோஸ் குழியும் கிடையாது. முதல் முறையாகக் குழி வெட்டினவர்கள். முதலில் அங்கேதான் போயிருக்கவேண்டும். அப்பன் பேரை இழுத்தபிறகு அவருக்குக் கால் நகரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். மறுநாள் ஏதோ ஒன்று.

அந்த வாரமே அந்த வரிசையில் லுவோ பிங் என்பவன் கோஸ் புரட்டக் குழிக்குள் இறங்கினான். பெண்சாதி சுஃபென் அரிசி களைந்துவிட்டு வந்து கூப்பிட்டால் பதில் இல்லை. அலறல் கேட்டு ஓடிவந்தவர்களில் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, பாதியிலேயே மயங்கிவிட, அவனை மேலே இழுத்துப்போட்டார்கள். இன்னொருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி லுவோ பிங்கைக் கொண்டுவந்தான். ஆள் முடிந்திருந்தான். இத்தனை நாள் சுரங்கத்துக்குள் வேலை பார்த்து ஒரு கீறல் இல்லாதவன், கோஸுக்குச் செத்தான் என்று ஊரே பேசியது.

லுவோ பிங்கைத் தூக்கிவந்தவனைத் தேடி யென் போனார். எப்படிக் கிடந்தான் என்று கேட்டார். கவிழ்ந்து கிடந்தான் என்றான் அவன். கை எப்படி இருந்தது, கால் மடங்கியிருந்ததா, கன்னம் தரையில் இருந்ததா என்று யென் கேட்டுக்கொண்டே போனார்.

"பொணம் எப்படிக் கெடந்தா என்ன வாத்தியாரே?" என்றான் அவன். "நாங்க என்ன படமா எடுத்தோம்?"

சுஃபென் பெண்களிடம் சொன்னது அதற்குள் லியென்ஹுவா காதுக்கு வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை அவன் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டே கதை கேட்டானாம். கேட்டுவிட்டு, நம்ம ஆளு கெட்டிக்காரன், படுத்துத் தப்பிச்சான் பாரு என்றானாம். லியென்ஹுவா இதைப் புருஷனிடம் சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்ததைக் கரண்டியால் கிண்டினாள்.

"அவரு விளக்கு கொக்கியிலயே தொங்குது," என்றாள். "கழட்டிப் புதுசா வர்றவனுக்குக் குடுக்கச் சொல்றாங்க. என் கை போகமாட்டேங்குது."

யென் அன்று சாப்பிடவில்லை. மயங்கி விழுந்தவனும் கவிழ்ந்துதான் கிடப்பான். வேண்டுமென்று படுத்தவனும் அப்படித்தான் கிடப்பான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஒன்று அவருக்குத் தெரிந்தது. இன்னும் எத்தனையோ மூடிகள் மூடியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் திறக்கும். பொய் ஒலிபெருக்கியில் போனது, உண்மை வகுப்பறையோடு நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் இப்போது எது போகிறது என்று யோசித்தார். உற்பத்திக் கணக்கு போகிறது. தலையங்கம் போகிறது. அப்புறம் சுயவிமர்சனம் போகிறது. பக்கத்துச் சுரங்கத்தில் பாட்டு நாடாக்களை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவன் தன் குற்றத்தைத் தானே வாசித்ததை இரண்டு தடவை ஒலிபரப்பினார்கள். அதை மட்டும் ஊரே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது.

மறுநாள் காலை ஹானின் அறைக்குப் போய், என்னைச் சுயவிமர்சனம் செய்ய விடுங்கள், ஒலிபெருக்கியில், சனிக்கிழமை ராச்சோற்று நேரத்தில் என்று கேட்டார்.

ஹான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அவனவன் கட்டிலுக்கு அடியில போய் ஒளியிறான். நான் உங்க பேரைத் தாளுக்கே வரவிடாம வச்சிருக்கேன். நீங்க மாலை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"ஒரு ஆள் வேணும்னு மேல கேக்கறாங்கதானே?"

"கேக்கறாங்க."

"நான் இருக்கேன்."

ஹான் கோப்பையின் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அந்த நெலாக் கதையோட அடுத்த வாரம்தானே இது? என்னை முட்டாள்னு நெனச்சீங்களா?"

ஹான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார். அவர் வீட்டு முற்றத்திலும் ஒரு குழி இருந்தது. அவர் மாமியார்தான் அதில் இறங்குகிறவள்.

"எழுதிட்டு வாங்க. படிச்சுப் பாத்துத்தான் விடுவேன்."

யென் எழுதிக் கொண்டுபோனார். ஹான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நான் வெட்டின வரியைப் பத்தி இதுல இல்லையே."

"இல்ல."

ஹான் பேனாவை எடுக்காமலே தாளைத் திருப்பிக் கொடுத்தார். வேலை போகும் என்று மட்டும் சொன்னார். அது தெரியும் என்றார் யென்.

சனிக்கிழமை ஃபெங்யிங் அறிவித்தாள். பள்ளி ஆசிரியர் யென் ருன்ஷெங் தன் தவற்றை ஊர்முன் ஒப்புக்கொள்கிறார் என்று. நிலா என்று ஒரு சொல் காதில் விழுந்ததும் கிண்ணங்கள் அப்படியே நின்றன. முதல் பாதி எல்லோரும் வாசிக்கிற மாதிரிதான் இருந்தது, பத்திரிகைச் சொற்கள், தலை வணங்குதல். பாதியில் யென் தாளை விட்டுவிட்டார். குரல் வகுப்பில் பேசுகிற குரலாக மாறியது.

"தியெஷான் குழிக்குள்ள படுத்தான்னு சொன்னேன், பொழச்சான்னு சொன்னேன். அது பொய். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். தியெஷான் பொழக்கல. படுத்த எடத்துலயே செத்துப்போனான். கெட்ட காத்து ஒண்ணு இல்ல, ரெண்டு. சுரங்கத்துல இருக்கறது லேசு, மேல போகும், நெருப்பு பட்டா வெடிக்கும். எங்கப்பன் அதுலதான் போனாரு. கோஸ் குழியில இருக்கறது வேற. அது கனம். அடியில கெடக்கும். அது வெடிக்காது, நெருப்பை அணைக்கும். நெருப்பை அணைக்கறது உங்களையும் அணைக்கும். மூடியைத் தெறந்து அரைநாள் விடுங்க. மெழுகுவத்தியக் கயித்துல எறக்குங்க. அணைஞ்சா எறங்காதீங்க. உள்ள இருக்கும்போது தலை சுத்தினா படுக்காதீங்க, குனியாதீங்க, மேல ஏறுங்க. மேல ஆள் இல்லாம எறங்கவே எறங்காதீங்க. நான் சொன்னதை நம்பி யாராவது..."

அதற்குமேல் அவருக்கு வரவில்லை. ஃபெங்யிங் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அடுத்தது உற்பத்தி நிலவரம் என்று வாசிக்கத் தொடங்கினாள். மறுநாளும் அதையே ஒலிபரப்ப ஹான் உத்தரவு போட்டார். குற்றம் பெரியது என்று காரணம் எழுதினார்.

மறுவாரத்தில் கூட்டுறவுக் கடையில் மெழுகுவத்தி தீர்ந்துபோனது. சிலபேர் நெருப்புக்கு இன்னமும் பயந்து, கூடையில் கோழியைக் கட்டி இறக்கினார்கள். அதுவும் ஒரு வழிதான். தெரிந்தே பொய்யைப் பரப்பிய ஆள் வகுப்பில் நிற்கக்கூடாது என்று பள்ளிக்கூடம் யென்னைக் கொதிகலன் அறைக்கு மாற்றியது. கரி அள்ளிப் போடுகிற வேலை. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். பிள்ளைகள்தான் தாங்கவிடவில்லை. இடைவேளையில் கொதிகலன் அறை வாசலில் நின்று, தியெஷானை ஏன் கொன்னீங்க என்று கேட்டார்கள். முதலில் எழுதின கதையில் அவன் பிழைத்துக்கொள்கிறானாமே, ஃபெங்யிங்கின் மகள் படித்திருக்கிறாளாமே, பிறகு ஏன் மாற்றினீர்கள் என்று. அவனைப் பிழைக்க விட்டிருந்தால் ஒருத்தரும் குழிக்குப் பயந்திருக்கமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்சநாள் கழித்து லியென்ஹுவா வழியாகச் சுஃபென் ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். குழியில் கோஸ் அழுகுகிறது, உள்ளே இறங்க ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள், எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று. யார் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. யென் போனார்.

மூடியைக் காலையிலேயே அவள் திறந்து வைத்திருந்தாள். யென் செய்யவேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பக்கத்துக் கம்பத்தில் கட்டிவிட்டு இறங்கினார். அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. தரை மண்ணில் நிறையக் காலடிகள். எது யாருடையது என்று இனித் தெரியாது. மேலே குழி வாயில் அவள் முகம் பின்னாலிருந்த வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

"வாத்தியாரே," என்றாள். "அவரு விழுந்தாரா, படுத்தாரா?"

யென் கையிலிருந்த கோஸைக் கீழே வைத்தார்.

"தெரியல தங்கச்சி."

"நீங்க படிச்சவருதானே."

"அதைக் கண்டுபிடிக்க முடியாது. நானும் கேட்டுப் பாத்தேன்."

விழுந்தார் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது ஒரு ஆறுதல், இவருக்கும் ஒரு ஆறுதல். இன்னொரு பொய்தானே. அவர் வாய் அதற்கு மறுத்துவிட்டது. மேலே அவள் முகம் குழி வாயிலிருந்து விலகியது. போய்விட்டாள் என்றுதான் நினைத்தார். பிறகு அவள் குரல் வந்தது.

"அழுகினதைத் தனியாக் குடுங்க. நல்லதோட சேக்காதீங்க."

யென் ஒவ்வொன்றாக எடுத்து, வெளி இலையை உரித்து, மேலே நீட்டினார். அவர் கையிலிருந்து அவள் வாங்கிக்கொள்ளவில்லை. குழியின் விளிம்பில் வைத்துவிட்டு அவர் கையை எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன்பிறகு எடுத்தாள். குழி காலியாகும்வரை அப்படியே நடந்தது.